பழைய எஸ்யூவியில் பிரேக் பூஸ்டர் எச்சரிக்கை: ஏற்காடு ஏறும் முன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

மீட்டரில் பிரேக் பூஸ்டர் எச்சரிக்கை வந்ததும் பலர் நேராகப் பூஸ்டரையே மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். புது வண்டி வாங்கியவர்களைவிட, பழைய டீசல் எஸ்யூவியை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்குத்தான் இந்தச் செலவு அதிகம் வருகிறது. பாதி நேரம் பூஸ்டர் நன்றாகவே இருக்கும். அதற்கு வேக்குவம் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம்) கொண்டுபோய்ச் சேர்க்கிற பம்ப், ஹோஸ், ஒருவழி வால்வு, பெல்ட் இவற்றில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும். அதனால் மலிவானதிலிருந்தும் கை எட்டுகிற இடத்திலிருந்தும் தொடங்கிப் பூஸ்டரைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். இங்கே சொல்லும் வரிசை முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் பூஸ்டர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால், தட்டையான கறுப்பு டப்பா ஒன்று தெரியும். அதன் உள்ளே டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு டப்பாவை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெடலைத் தொடாதபோது இரண்டு அறைகளிலும் வேக்குவம்தான். பெடலை மிதித்ததும் பின்னறைக்குள் வெளிக்காற்று புகுந்து டயாபிரத்தை முன்னால் தள்ளும். உங்கள் காலோடு காற்றின் அழுத்தமும் சேர்ந்து மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும். வேக்குவம் குறைந்தால் அந்த உதவி போய்விடும், பிரேக் போகாது. இந்த வேறுபாட்டை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மலையில் பதறாமல் இருக்க இதுவே உதவும். பெடல் கல் மாதிரி கனக்கும், ஆனால் பலம் கொடுத்து மிதித்தால் வண்டி நிற்கும்.

பெட்ரோல் வண்டியில் வேக்குவம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே கிடைத்துவிடும். டீசலில் அப்படிப் போதுமான அளவு கிடைக்காது, தனிப் பம்ப் வேண்டும். டாடா சுமோ, குவாலிஸ், பழைய பொலேரோ போன்றவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வந்த காமன் ரயில் இன்ஜின்கள் பலவற்றில் கேம்ஷாஃப்ட் முனையில் இருக்கும். பழைய பிராடோ, லேண்ட் குரூசர் வகைகள் சிலவற்றில் வேக்குவமே கிடையாது. மின்மோட்டாரும் அழுத்தத்தைச் சேமிக்கும் உருளையும் கொண்ட ஹைட்ராலிக் பூஸ்டர் இருக்கும். எச்சரிக்கையோடு பஸ்ஸரும் சேர்ந்து அலறும். அந்த வண்டி உங்களுடையது என்றால் கீழே உள்ள சோதனைகள் பொருந்தாது. உள்ளே மிக அதிக அழுத்தத்தில் பிரேக் ஆயில் நிற்பதால் எந்த நட்டையும் கழற்றாமல் அந்த வகையை அறிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

ஏற்காட்டில் மட்டும் ஏன் விளக்கு எரிகிறது?

ஊருக்குள் மாதக்கணக்கில் ஒன்றும் காட்டாத வண்டி மலையில் மட்டும் எச்சரிக்கை தரும். "மேலே போனப்ப வந்துச்சு, அடிவாரம் வந்ததும் அணைஞ்சுடுச்சு, சென்சார்தான் போயிருக்கும்" என்று சொல்லிக் கம்பியைக் கழற்றி விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் வேக்குவத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தால். சேலத்தில் வெளிக்காற்று ஏறத்தாழ 29 அங்குலப் பாதரசம் (அழுத்தத்தை அளக்கும் அலகு), ஏற்காட்டில் ஏறத்தாழ 25. அப்படியென்றால் எவ்வளவு நல்ல பம்ப்பாக இருந்தாலும் மேலே வேக்குவத்தை அளக்கும் கேஜின் முள் சுமார் 4 அங்குலம் குறைத்துத்தான் காட்டும். சேலத்தில் 24 காட்டுகிற பம்ப் அங்கே 20 காட்டலாம். சேலத்திலேயே திணறி 18 காட்டுகிற பம்ப் மேலே எச்சரிக்கை எல்லைக்குள் விழுந்துவிடும். பழுது மலையில் வரவில்லை. ஏற்கெனவே இருந்த பழுதை மலை வெளியே காட்டுகிறது.

இறக்கத்தில் இன்னொன்றும் சேரும். டீசல் பம்ப் இன்ஜின் வேகத்தோடு சுற்றும். இரண்டாம் கியரில் இன்ஜின் 2,000 சுற்றில் இருக்கும்போது இழுக்கிற வேக்குவமும், நியூட்ரலில் 800 சுற்றில் இழுக்கிற வேக்குவமும் ஒன்றல்ல. எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு பெடலை விட்டு விட்டு மிதித்தால், ஒவ்வொரு மிதிக்கும் பூஸ்டரிலிருந்து வேக்குவம் செலவாகும். தளர்ந்த பம்ப்பால் அதை ஈடுகட்ட முடியாது. கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதித்த நேரத்தில் விளக்கு சிமிட்டினால் இதுதான் நடக்கிறது.

இறங்கும்போது எச்சரிக்கை வந்துவிட்டால்

இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் பம்ப் நின்றுவிடும். மிச்சம் இருப்பது இரண்டு, மூன்று மிதிக்கான சேமிப்பு மட்டுமே. முதல் அல்லது இரண்டாம் கியருக்கு வந்து கிளட்சை விட்டுவிடுங்கள். பெடலைத் திரும்பத் திரும்பக் குத்தாமல் ஒரே மிதியாகப் பலமாக அமுக்கி வைத்திருங்கள். ஹேண்ட் பிரேக்குக்குப் பூஸ்டர் தேவையில்லை, பழைய எஸ்யூவிகளில் அது கேபிளில் தனியாக இயங்குவது, ஆகவே பட்டனை அமுக்கிப் பிடித்தபடி மெல்ல மெல்ல இழுத்து உதவிக்கு எடுத்துக்கொள்ளலாம். பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல், எதிரே வருகிறவர்களைப் பார்த்து மலைப்பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். நாலு விளக்கும் எரியட்டும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்; கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். மலைப்பாதையில் விட்டுப்போன கல்லில் ஏறி விழுகிறது இருசக்கர வண்டிக்காரர்தான்.

நிறுத்திய பிறகு சக்கரங்களில் கருகல் வாடை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க்கும் டிரம்மும் கோணிவிடும், விரிசலும் விடலாம். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

அந்த இடத்திலேயே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டால் மெக்கானிக்குக்கு பாதி வேலை மிச்சம்: பெடல் எப்படி இருந்தது? கனத்துப்போய் அமுங்க மறுத்தால் வேக்குவம் அல்லது பூஸ்டர். மெத்து மெத்தென்று ஆழமாகப் போனால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்திருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. காலை வைத்திருக்கும்போதே மெதுவாகத் தாழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் (ரப்பர் சீல்). பெடல் சரியாகவே இருந்து விளக்கு மட்டும் எரிந்தால் பிரேக் ஆயில் அளவு, ஹேண்ட் பிரேக் சுவிட்ச், வேக்குவம் சுவிட்ச், ஒயரிங். இந்த நான்கையும் குழப்பிக்கொள்வதால்தான் வேண்டாத பாகங்கள் மாறுகின்றன.

எந்த விளக்கு என்பதைப் பாருங்கள்

பழைய வண்டிகளில் எழுத்தாகச் செய்தி வராது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்குதான். அந்த ஒரே விளக்கை ஹேண்ட் பிரேக், ஆயில் அளவு, சிலவற்றில் வேக்குவம் எல்லாம் பகிர்ந்துகொள்ளும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிப் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பாதீர்கள்: பேடு தேய்ந்தால் மட்டம் தானாக இறங்கும், ஆகவே பேடின் கனத்தைப் பாருங்கள். பேடு நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. நான்கு சக்கரத்திலும் ஈரம் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பின்வாஷர் வழியாகப் பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

விளக்கோடு பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிகிறதா? ஆல்டர்னேட்டரில் பம்ப் உள்ள வண்டியாக இருந்தால் நேராகப் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் வழுக்கினால் சார்ஜும் குறையும், வேக்குவமும் குறையும். ஈர நாளில் ஸ்டார்ட் செய்ததும் கிறீச் சத்தம் வந்தால் அதுவே சாட்சி. நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் அளவு அமுங்க வேண்டும். விளிம்பு பிளந்திருந்தால், உட்புறம் கண்ணாடிபோலப் பளபளத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

கருவி இல்லாமல் மூன்று சோதனைகள்

சமதளத்தில், சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுச் செய்யுங்கள்.

1. இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், கனத்துவிடும். காலை எடுக்காமல் சாதாரண அழுத்தத்தில் வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் வேக்குவம் வருகிறது, பூஸ்டரும் உதவுகிறது. அசையவே இல்லை என்றால் வேக்குவம் வரவில்லை அல்லது பூஸ்டர் வேலை செய்யவில்லை. அரை நிமிடம் கழித்து இறங்கினால் பம்ப் சோர்ந்திருக்கிறது.

2. ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மெதுவாக மிதியுங்கள். முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்த மிதிகள் மேலே மேலேயும் நிற்க வேண்டும். முதல் மிதியே கனமாக இருந்தால் சேமித்த வேக்குவம் கசிந்துவிட்டது: ஒருவழி வால்வு, அதன் குரோமெட் (வால்வு செருகும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம்), அல்லது டயாபிரம்.

3. இன்ஜின் ஓடும்போது பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அணையுங்கள். 30 விநாடி காலை அசைக்காதீர்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டருக்குள் கசிவு.

மிதிக்கிற நேரத்தில் மட்டும் ஒரு சின்ன 'உஸ்' சத்தம் வருவது இயல்பு, அது பின்னறைக்குள் காற்று போகிற சத்தம். பெடலைத் தொடாதபோதும், அல்லது அமுக்கிப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும், பெடல் அடியிலிருந்து 'உஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே இருந்தால் டயாபிரம் அல்லது உள்வால்வு கிழிந்திருக்கிறது. பெட்ரோல் வண்டியில் மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் தடுமாறினாலும் இதே பொருள்.

ஹோஸும் ஒருவழி வால்வும்

பம்ப்பிலிருந்து பூஸ்டர் வரை வரும் தடித்த ஹோஸை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். கிளிப்புக்கு அடியிலும், வளைகிற இடத்திலும், ஏதோ உலோக விளிம்பில் உரசும் இடத்திலும்தான் வெடிக்கும். வெளியே நன்றாக இருந்தும் உள்சுவர் உரிந்து மடிந்து அடைத்துக்கொள்வது உண்டு. இன்ஜினை முறுக்கும்போது ஹோஸ் சப்பிப் போகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். மாற்றும்போது கடைக்காரரிடம் வேக்குவம் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸையோ டீசல் ஹோஸையோ அறுத்துப் போட்டால் உறிஞ்சலில் அது சப்பிவிடும். சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழ் தேடுவது இங்கே பயன்படாது, காற்று உள்ளேதான் போகிறது. பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பது ஆபத்து.

ஒருவழி வால்வைப் பூஸ்டரிலிருந்து மெல்ல ஆட்டி உருவுங்கள். பூஸ்டர் பக்க முனையில் ஊதினால் காற்று போக வேண்டும். இன்ஜின் பக்க முனையில் ஊதினால் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனாலும், எந்தப் பக்கமும் போகாவிட்டாலும் மாற்றுங்கள். விலை குறைந்த பாகம். அம்புக்குறி இருந்தால் அது பம்ப்பை அல்லது மேனிஃபோல்டைப் பார்த்திருக்க வேண்டும். வேறு வேலைக்காகக் கழற்றி மாட்டும்போது திருப்பிப் போட்டுவிட்டு, "புது பூஸ்டரும் வேலை செய்யலையே" என்று தவிப்பதை அடிக்கடி பார்க்கலாம். சில வண்டிகளில் வால்வு ஹோஸுக்குள்ளேயே ஒட்டி வரும், அப்போது ஹோஸோடு சேர்த்தே மாற்ற வேண்டும். குரோமெட்டில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே நுழையச் சுலபமாக இருக்க இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். சிலிகான் கிரீஸ் கொஞ்சம் போதும்.

கேஜ் மாட்டிப் பார்ப்பது

டி-இணைப்புள்ள வேக்குவம் கேஜ் ஒன்று இந்தப் பிரச்சினையின் தீர்ப்பைச் சொல்லிவிடும். ஒருவழி வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் மாட்டுங்கள். சேலத்து உயரத்தில், சூடான டீசல் இன்ஜின் ஐடிலில், நல்ல பம்ப் சில விநாடிகளில் 20 அங்குலத்தைத் தாண்டி 24, 25 பக்கம் போய் நிற்கும். பெட்ரோல் ஐடிலில் 16 முதல் 20 வரை வந்தால் போதும். இன்ஜினை அணைத்ததும் முள் அங்கேயே நிற்க வேண்டும். கண்ணெதிரே இறங்கினால் பூஸ்டர் பக்கம் கசிவு.

முள் ஏறவே இல்லை என்றால் உடனே பம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். அதே பம்ப்பிலிருந்து டர்போ, இ.ஜி.ஆர். சோலினாய்டு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும் அமைப்பின் மின்வால்வு), சில நாலுசக்கர இயக்க வண்டிகளில் முன் ஹப் ஆகியவற்றுக்கும் மெல்லிய குழாய்கள் கிளைவிடும். பென்சில் கனம்கூட இல்லாத அந்தக் குழாய்களில் ஒன்று நுனியில் வெடித்தால்கூடப் பிரேக்குக்குப் போக வேண்டிய வேக்குவம் வழியிலேயே வீணாகும். துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொரு கிளையாக நசுக்கிப் பிடியுங்கள். எதை நசுக்கும்போது முள் துள்ளி ஏறுகிறதோ அந்தக் கிளையில்தான் கசிவு. வண்டி சமீபத்தில் இழுவை குறைந்து புகையும் தள்ளினால் இந்தக் கிளைகளை முதலிலேயே பாருங்கள்.

எல்லாக் கிளைகளையும் அடைத்தும் ஏறாவிட்டால் கேஜை நேராகப் பம்ப் வாயில் மாட்டுங்கள். அங்கேயும் குறைவாக இருந்தால் பம்ப்பின் உள் பிளேடுகள் தேய்ந்திருக்கின்றன. அவை ஏன் தேய்ந்தன என்று பார்க்காமல் புதுப் பம்ப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். இந்தப் பம்ப்புக்கு உயவு இன்ஜின் ஆயிலிலிருந்தே வருகிறது. ஆல்டர்னேட்டர் வகையில் அதற்கென்று ஒரு மெல்லிய குழாயும், நுண்ணிய துளையுள்ள போல்ட்டும், ஆயில் திரும்பிப் போகத் தடித்த குழாய் ஒன்றும் இருக்கும். ஆயில் மாற்றும் காலத்தைத் தள்ளிப்போட்ட வண்டியில் அந்தத் துளை கசடால் அடைத்துப் பிளேடுகள் வறண்டு ஓடும். திரும்பும் குழாய் அடைத்தால் நேர்மாறு: ஆயில் தேங்கி ஒரு பக்கம் ஆல்டர்னேட்டருக்குள்ளும், இன்னொரு பக்கம் ஹோஸ் வழியாகப் பூஸ்டர் நோக்கியும் போகும். ஹோஸுக்குள் விரல் விட்டால் கறுப்பு ஆயில் சொட்டுச் சொட்டாக ஒட்டினால் இரண்டு குழாய்களையும் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே பம்ப் வேலையில் இறங்குங்கள். பிளேடு, சீல், ஓ-ரிங் அடங்கிய கிட் கிடைத்தால் போடலாம். உறையின் உட்சுவரில் நகம் மாட்டுகிற அளவு கீறல் விழுந்திருந்தால் கிட் நிற்காது, முழுப் பம்ப்தான். மாட்டும் முன் ஆயில் துவாரத்தில் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுக் கையால் சுற்றிவிடுங்கள், வறட்சியாக முதல் ஓட்டம் ஓடக் கூடாது.

வேக்குவம் எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால்தான் சுவிட்ச் அல்லது சென்சார். கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுத்தம் செய்து மாட்டினாலே சரியாகலாம். ஏற்காட்டு மழையிலும் பனியிலும் நிற்கும் எஸ்டேட் வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம்.

பூஸ்டரேதான் என்று உறுதியானால்

வேக்குவம் நன்றாக வந்து, வால்வும் நன்றாக இருந்து, மேலே சொன்ன மூன்று சோதனைகளில் தோற்றால் பூஸ்டரை மாற்ற வேண்டியதுதான். அதற்கு முன் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்முகத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் அங்கே ஒழுகிப் பூஸ்டரின் டயாபிரத்தைக் கெடுத்திருந்தால், பூஸ்டரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்தே மாற வேண்டும்.

இது வீட்டில் முதல்முறை செய்யும் வேலை அல்ல. டேஷ்போர்டுக்கு அடியில் நான்கு நட்டு, பெடலோடு சேர்க்கும் பின், அதன் பூட்டு எல்லாம் கழற்ற வேண்டும். அதைவிட முக்கியம், பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடின் நீளம். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்து இறக்கத்தில் சூடேறிவிடும். குட்டையாக இருந்தால் பெடல் பாதி வெறுமனே போகும். பழைய புஷ்ராடை அளந்து, புதியதை அதே அளவுக்கு வைத்தீர்களா என்று கேளுங்கள். ரீகண்டிஷன் பூஸ்டர் மலிவாகக் கிடைக்கும். வாரம் ஒருமுறை மலையேறுகிற வண்டிக்கு அதைப் போடாமல் இருப்பது நல்லது, உள்ளே எந்த ரப்பர் போட்டிருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது.

குழாய் பிரித்திருந்தால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றிப் புதுப் பிரேக் ஆயிலை நிரப்புங்கள். டப்பா மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே வாங்குங்கள். இரண்டு ஆண்டு பழகிய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். ஏற்காட்டு இறக்கத்தில் இந்த வித்தியாசம் காலில் தெரியும்.

வேலை முடிந்ததும் நேராக மேலே ஏறிவிடாதீர்கள். காலி இடத்தில் மெதுவான வேகத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். பிறகு கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை போய், நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துச் சூடு ஒரேமாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், அருகில் கொண்டுபோனாலே தெரியும். அதன் பிறகு இரண்டு, மூன்று வளைவு மட்டும் ஏறி இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட நிறுத்தும் இடங்களில் பெடல் எவ்வளவு ஆழத்தில் பிடிக்கிறது என்று கவனியுங்கள். கேஜ் கையில் இருந்தால் முழுதாக மேலே போன நாளில் ஏரிக்கரை பார்க்கிங்கில் ஒருமுறை மாட்டி, சேலத்து அளவையும் மேல் அளவையும் வண்டிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட அது வேண்டும். புதுப் பெல்ட் போட்டிருந்தால் சில நூறு கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்கம் பாருங்கள், முதல் ஓட்டத்தில் அது கொஞ்சம் நீளும்.